இத்தாலிய ஆரஞ்சும் என் கேமராவும்: நான்கு குளிர்காலம் கழித்து

சாமானை முதலில் சொல்லிவிடுகிறேன். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி மிரர்லெஸ் கேமரா ஒன்று, 35 மி.மீ. எஃப்/2 லென்ஸ் ஒன்று, ஒரு பொலரைஸர் (பளபளப்பைக் குறைக்கும் சுழல் ஃபில்டர்), ஒரு சாதா யுவி ஃபில்டர். 2021 அக்டோபரில் இத்தாலியின் டூரினில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. நான் பட்ட பாட்டை எந்தக் கம்பெனி கேமராவை வைத்திருப்பவரும் பட்டிருப்பார்.

இந்த நான்கு குளிர்காலத்தில் இதில் எடுத்ததில் பாதிக்கு மேல் ஆரஞ்சுப் பழம்தான். வீட்டு மேசையில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆரஞ்சு, பக்கத்து ஊரான இவ்ரேயாவின் கார்னிவல் திருவிழாவில் மூஞ்சிக்கு நேரே பறந்து வரும் ஆரஞ்சு. ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்டால் பதில் இல்லை. ஜனவரி மாத டூரினில் சாம்பல் நிறத்தைத் தவிர வேறு நிறம் கண்ணில் படாது. காய்கறிக் கடையில் மட்டும் ஆரஞ்சு எரிந்துகொண்டிருக்கும். அவ்வளவுதான்.

முதல் குளிர்காலம் முழுக்கத் தோல்வி. கேமராத் திரையில் அருமையாக இருக்கும் படம், கம்ப்யூட்டரில் திறந்தால் பிளாஸ்டிக் பந்து மாதிரி இருக்கும். தோலில் உள்ள குட்டிக் குட்டிக் குழிகளைக் காணோம். வெளிச்சம் விழும் பக்கம் ஆரஞ்சு நிறம் எலுமிச்சை மஞ்சளாகத் திரும்பியிருக்கும். லென்ஸைச் சந்தேகப்பட்டேன், ஜன்னலைச் சந்தேகப்பட்டேன், கடைசியில் பழத்தையே சந்தேகப்பட்டேன். குற்றவாளி ஹிஸ்டோகிராம், படத்தில் வெளிச்சம் எவ்வளவு என்று கேமரா காட்டும் வரைபடம்.

கேமரா வழக்கமாகக் காட்டும் ஒற்றை வெள்ளை ஹிஸ்டோகிராம் மூன்று நிறங்களையும் சமமாகக் கணக்கில் எடுப்பதில்லை. பச்சைக்குச் சுமார் 59 சதவீதம், சிவப்புக்கு 30, நீலத்துக்கு 11 என்றுதான் கூட்டுகிறது. ஆரஞ்சுப் பழத்திலோ சிவப்பு உச்சத்தில் இருக்கும், பச்சை பாதியில் இருக்கும், நீலம் கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆகவே ஹிஸ்டோகிராம் நடுவில் அழகாக நிற்கும்போதே சிவப்பு அதன் உச்ச அளவான 255இல் போய் முட்டி நின்றிருக்கும். அதற்கு மேல் வெளிச்சம் கூடினால் பச்சை மட்டும்தான் ஏறும். சிவப்பு நின்று பச்சை ஏறினால் மஞ்சள். என் எலுமிச்சைகள் பிறந்தது இப்படித்தான்.

அன்றிலிருந்து மூன்று விஷயங்களை மாற்றவே இல்லை. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம். கலர் செட்டிங் 'விவிட்' இல்லை, 'நியூட்ரல்'. எக்ஸ்போஷர் மைனஸ் 2/3இலிருந்து மைனஸ் 1 வரை, அதாவது கேமரா சொல்வதைவிடக் கொஞ்சம் இருட்டாக. சென்சார் பிடித்ததை அப்படியே வைக்கும் ரா ஃபைலில் எடுப்பதால் பின்னால் நிழலை ஏற்றிக்கொள்ளலாம். போன சிவப்பைத்தான் திருப்பிக் கொண்டுவர முடியாது. விளக்கின் நிறத்தைச் சரிக்கட்டும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடுவதும் ஆபத்து: தட்டு நிறைய ஆரஞ்சு இருந்தால், அறை விளக்குதான் மஞ்சளாக எரிகிறது என்று நினைத்துக்கொண்டு கேமரா படத்தில் நீலத்தைக் கலக்கும். பழம் செத்துப்போகும்.

பொலரைஸர் விஷயத்தில் என் கருத்து இரண்டு முறை மாறியிருக்கிறது. முதலில் அது தேவையே இல்லை என்று நினைத்தேன். பிறகு ஒரு வருஷம் அதைக் கழற்றவே இல்லை. இப்போது பாதிச் சுற்று மட்டும். முழுக்கச் சுற்றினால் தோலின் மினுக்கம் மொத்தமாகப் போய், துணியில் தைத்த பழம் மாதிரி ஆகிவிடுகிறது. கொஞ்சம் பளபளப்பு மிச்சம் இருந்தால்தான் தோலுக்கு அடியில் எண்ணெய் இருப்பது தெரியும். இன்னொன்று, ஜன்னல் பழத்துக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ இருந்தால்தான் இது வேலை செய்யும். வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தால் எத்தனை சுற்று சுற்றினாலும் ஒன்றும் நடக்காது. இதற்குக் கொடுக்கும் விலையோ ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி). ட்ரைபாடில் எஃப்/8, கால் வினாடி என்று எடுக்கும்போது அது ஒரு பொருட்டில்லை.

ஃபில்டரைவிட முக்கியம் பழம் வாங்குவது. இதைச் சொன்னால் கேமராக்காரர்கள் சிரிப்பார்கள். போர்த்தா பலாட்சோ சந்தையில் ஒரே கடையில் இரண்டு வகை இருக்கும். மெழுகு பூசிய பழத்தின் சீட்டில் 'தோல் உண்ணத் தக்கதல்ல' என்று எழுதியிருக்கும். மற்றதில் 'மருந்திடாதது' என்று. மெழுகுப் பழத்தில் ஜன்னல் அப்படியே கண்ணாடி போலத் தெரியும், சட்டத்தோடு. மருந்திடாத பழம் மங்கலாக, தழும்போடு இருக்கும், படத்துக்கு அதுதான். காம்பும் இலையுமாக விற்பது இன்னும் நல்லது. ஆனால் வீட்டு ஹீட்டருக்கு அந்த இலை ஒரு நாள்கூடத் தாங்காது, சுருண்டுவிடும். சந்தைக் கூரையின் சிவப்புத் தார்ப்பாயின் கீழ் நின்று நிறம் பார்த்து வாங்காதீர்கள். அங்கே எல்லாப் பழமும் அழகுதான்.

சிசிலியிலிருந்து வரும் ரத்த ஆரஞ்சு தனிக் கதை. எட்னா எரிமலையைச் சுற்றி விளைவது. பகலில் வெயில், இரவில் குளிர் என்று வெப்பம் ஏறி இறங்குவதால்தான் சுளையில் அந்தச் சிவப்பு ஊறுகிறது. தாரொக்கோ, மோரோ, சங்குயினெல்லோ என்று மூன்று வகை. படத்துக்கு மோரோதான் சரி என்று நினைத்து நிறைய வீணாக்கினேன். அதன் சுளை அவ்வளவு கருஞ்சிவப்பு. சாதாரண எக்ஸ்போஷரில் கறுப்பாகவே விழும். தாரொக்கோவில் ஆரஞ்சுக்குள் சிவப்புக் கீற்று ஓடும், அது கேமராவுக்குப் பிடிக்கும். மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் வில்லையாக அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி வைத்தால் ஒவ்வொரு சாற்றுப் பையும் தனியாக எரியும். இங்கே மட்டும் மைனஸ் இல்லை, ப்ளஸ் 1. ஐந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும், அப்புறம் மேல்பரப்பு வறண்டு மங்கிவிடும். இந்த இடத்தில்தான் என் லென்ஸ் கைவிட்டது. 35 செ.மீ.க்குக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. சுளையை நெருங்க வேண்டும் என்றால் மேக்ரோ வாங்கத்தான் வேண்டும். கிராப் செய்து ஏமாற்றிப் பார்த்தேன், பிரிண்டில் தெரிந்துவிடுகிறது.

"இந்தப் பழத்தை எப்பத்தான் சாப்பிட விடுவீங்க?" என்பது வீட்டில் அடிக்கடி எழும் கேள்வி. எடுத்து முடித்தவுடன் என்பது என் பதில். சில நேரம் அது நான்கு நாள் ஆகும்.

இத்தாலிய மொழியில் இப்படி அசையாப் பொருளை மேசையில் வைத்து எடுக்கும், வரையும் படத்துக்கு 'நத்தூரா மோர்த்தா' என்று பெயர், செத்த இயற்கை. மிலான் அம்புரோசியானா ஓவியக்கூடத்தில் ஓவியர் கரவாஜ்ஜோவின் 'பழக்கூடை'யைப் பார்த்த அன்று என் மேசையை மாற்றினேன். அதில் ஆரஞ்சே கிடையாது. ஆப்பிளில் புழுத் துளை இருக்கிறது, இலைகள் காய்ந்து சுருண்டிருக்கின்றன, கூடை விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுவரை நான் மேலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது கேமரா பழத்தின் மட்டத்தில் இருக்கிறது. சுருண்ட இலையைப் பிய்த்துப் போடுவதையும் விட்டுவிட்டேன். அசல் ஆரஞ்சு ஓவியம் வேண்டும் என்றால் ஃபிளாரன்ஸ் பக்கம் பொஜ்ஜோ அ கயானோ அரண்மனைக்குப் போக வேண்டும். ஓவியர் பார்த்தொலொமெயோ பிம்பி 1715இல் மெடிசி பிரபுவுக்காக வரைந்த எலுமிச்சை, ஆரஞ்சு வகைகள் பெரிய பெரிய கித்தான்களில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, கீழே பெயரும் எழுதி. நம் ஊர் நார்த்தங்காய் மாதிரி ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். ஆரஞ்சுக்கு இத்தாலியர்கள் சொல்லும் அராஞ்சா என்ற சொல்லே அரபி, பாரசீகம் வழியாக நம் நாரத்தைப் பக்கத்திலிருந்து போனது என்பார்கள். அதனால் உறவு முறை கொண்டாடத் தடையில்லை.

சரி, தெருவுக்கு வருவோம். இவ்ரேயா டூரினிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் மதியம் ஆரஞ்சுச் சண்டை. கதை இது: கொடுங்கோலன் ஒருவனின் தலையைக் கொய்த மாவு மில்காரர் மகள், பின்னால் எழுந்த ஊர்மக்கள். தரையில் நிற்கும் ஒன்பது அணிகள் மக்கள். குதிரை வண்டிமேல் தோல் கவசத் தலையணியோடு நிற்பவர்கள் கொடுங்கோலனின் ஆட்கள். தரையில் இருப்பவர்களுக்குக் கவசம் கிடையாது. பெருந்தொற்றால் 2021, 2022 இரண்டு வருஷமும் நடக்கவில்லை. 2023 தொடங்கி மூன்று முறை போயிருக்கிறேன்.

வேடிக்கை பார்ப்பவர்கள் சிவப்புத் தொப்பி போட வேண்டும், என்னை அடிக்காதே என்று பொருள். பறக்கும் பழத்துக்குத் தொப்பி தெரியாது. முதல் வருஷம் தோளில் வாங்கினேன். ஒரு வாரம் நீலம்.

பார்வையாளர்களுக்காகக் கட்டியிருக்கும் வலைக்குப் பின்னால் நின்றால் ஆட்டோ ஃபோகஸ் வலையைத்தான் பிடிக்கும். லென்ஸை வலையோடு ஒட்டி வைத்து எஃப்/2இல் திறந்தால் நூல் கரைந்து காணாமல் போகும். வலைக்கு வெளியே நின்றால் ஆட்டோ ஃபோகஸையே அணைத்துவிட்டு, எஃப்/8, ஃபோகஸ் நான்கு மீட்டர், 1/1250 வினாடி என்று வைத்துவிடுவேன். அந்த வேகத்தில் பழம் காற்றில் நிற்கும், உடைந்தால் சாறு முள் முள்ளாகத் தெரியும். ஆனால் நேர்மையாகச் சொன்னால் அந்தப் படங்கள் எனக்குச் சீக்கிரம் சலித்துவிட்டன. யாரோ மேலே எறிந்த பழம், அவ்வளவுதான். 1/30இல் எடுத்தவை வேறு மாதிரி. வண்டியோடு கேமராவையும் திருப்பினால் குதிரையின் கண் மட்டும் துல்லியமாக நிற்க, சுற்றிலும் ஆரஞ்சுக் கோடுகள். இருபதில் ஒன்று தேறும். மேசையில் கற்ற மைனஸ் 1 இங்கே இன்னும் அவசியம், ஏனென்றால் தொப்பியும் சிவப்பு, பழமும் சிவப்புப் பக்கம். மாலையில் தரை முழுக்கச் சக்கை கிடக்கும்போது வெயில் அதில் பட்டு எழும்பி, நிற்பவர்களின் தாடைக்கு அடியில் ஆரஞ்சு நிறம் ஏறும். அதை எடிட்டிங்கில் சரி செய்யாதீர்கள்.

இப்போது புகார். 'வெதர் சீல்டு' என்று பெட்டியில் போட்டிருந்தது. மழைக்கு அது உண்மை. ஆரஞ்சுச் சாறு மழை இல்லை. 2024 கார்னிவல் முடிந்து மூன்றாம் நாள் பின்பக்க டயல் இறுகியது. சாறு உள்ளே போய்க் காய்ந்து பாகாகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் இது உத்தரவாதத்தில் வராது என்று கைவிரித்தார்கள். பிரித்துத் துடைக்க 140 யூரோ வாங்கினார்கள், அதற்கு ஐந்து வாரம். தப்பித்தது லென்ஸ்தான், யுவி ஃபில்டரின் புண்ணியத்தில். மேசையில் யுவி ஃபில்டரைக் கழற்றிவிடும் நானே தெருவில் அது இல்லாமல் போக மாட்டேன். 2025இல் மழை உறை, ஈரத்துணி இரண்டு, தண்ணீர் புட்டி ஒன்று. தெறித்தவுடன் ஈரத்துணி, பிறகு உலர்துணி. காய்ந்த சாற்றை உலர்துணியால் தேய்த்தால் ஃபில்டர் கீறிவிடும். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், ஒன்றை உள்பையில் உடம்போடு வைத்திருங்கள். ஷூ பழையதாக இருக்கட்டும்: தரையில் கிடப்பது ஆரஞ்சுச் சக்கை மட்டும் இல்லை, குதிரைச் சாணமும்தான்.

நான்கு வருஷத்தில் நான் சுவரில் மாட்டியது ஒரே படம். 2025 செவ்வாய் மாலை, சண்டை முடிந்துவிட்டது, துப்புரவு வண்டி இன்னும் வரவில்லை. கல் பாவிய தெருவில் ஒரு தாரொக்கோ பாதி நசுங்கிக் கிடந்தது, பக்கத்தில் குளம்புத் தடம். யாரும் வைக்காத பழம், யாரும் இழுக்காத திரைச்சீலை. தெருவுக்கு எடுத்துப் போகவே போகாத பொலரைஸர் அன்று பையில் தவறிக் கிடந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழத்தின் மட்டத்துக்குக் கேமராவை இறக்கினேன். எஃப்/4, 1/60, ஐஎஸ்ஓ 3200, மைனஸ் 1, பொலரைஸர் பாதிச் சுற்று.