கீமோ குமட்டலுக்கு அக்குபிரஷர் கைப்பட்டை: வாங்கலாமா?

பஸ் பயணக் குமட்டலுக்கென்று மருந்துக் கடைகளில் விற்கும் அதே பின்னல் பட்டைதான். ஜோடியாக வரும். உள்பக்கம் பட்டாணி அளவில் ஒரு பிளாஸ்டிக் குமிழ். முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்குச் சற்றுத் தள்ளி உள்ள பி6 என்னும் அக்குபிரஷர் புள்ளியை அது அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே கை நிறைய மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு, இன்னொரு மருந்து உள்ளே போகவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

பலர் இதைக் கடிகாரம் கட்டுவதுபோல மணிக்கட்டு ரேகை மேலேயே மாட்டிவிடுகிறார்கள். அங்கே குமிழ் அழுத்தி ஒரு பயனும் இல்லை. உள்ளங்கையை மேலே திருப்பி, மறு கையின் மூன்று விரல்களை ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாகக் குறுக்கே வையுங்கள். மோதிர விரல் ரேகையை ஒட்டி இருக்கட்டும். சுட்டுவிரல் படுகிற இடத்தில், முஷ்டியை லேசாக மடக்கினால் துருத்தும் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே குமிழ் உட்கார வேண்டும். அளப்பது நோயாளியின் விரலாகவே இருக்கட்டும். துணைக்கு வந்தவர் விரல் தடிமனாக இருந்தால் இடம் தள்ளிப்போகும். கீமோ ஏற்றத் தொடங்குமுன்பே, அடுத்துச் சொல்லும் தடை இல்லாவிட்டால், இரண்டு கையிலும் மாட்டிவிடுவது நல்லது.

மார்பகப் புற்றுக்கு அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்தக் கையில் மாட்டவே கூடாது, கை வீங்கும் அபாயம் உண்டு. ஊசி ஏறும் கையும் வேண்டாம். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருந்தால் குமிழ் பட்ட இடம் கன்றிப்போகலாம். டாக்டரைக் கேட்டுவிட்டு மாட்டுங்கள். பாக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின் என்னும் கீமோ மருந்துகளை எடுப்பவர்களுக்கு விரல்கள் ஏற்கெனவே மரத்திருக்கலாம், அதனால் பட்டை இறுக்குவதே தெரியாமல் போகலாம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றித் தோலைப் பாருங்கள்.

பலன் எவ்வளவு? பிரிட்டனில் 500 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. நிஜப் பட்டை, போலிப் பட்டை, குமட்டல் மருந்து மட்டும் என்று மூன்று பிரிவு. குமட்டலில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே டாக்டர் தந்த ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் போன்ற குமட்டல் மருந்துகளை ஒரு வேளைகூட இதை நம்பி விட்டுவிடாதீர்கள். கூடுதல் துணையாக மட்டும் வாங்கலாம். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் வாந்தி வந்தால் பட்டையைத் திருத்திக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

எடை குறைந்து கை மெலிந்தவர்களுக்குப் பட்டை தொளதொளக்கும். ஓரத்தில் மடித்து இரண்டு தையல் போட்டால் சரியாகிவிடும். சோப்புத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெந்நீரில் போட்டால் எலாஸ்டிக் தொய்ந்துவிடும்.