குளிர்காலப் பேக்கேஜ் என்று என் தலையில் கட்டியது இதுதான்

பனி விழும் ஊரில் ஓட்டுவதற்குப் புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டீலர் பெயரை எழுதப் போவதில்லை. என் புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இந்த வாய்ப்பந்தல் ஒரு கடையோடு நிற்கிற விஷயமாகவும் எனக்குத் தோன்றவில்லை.

டெஸ்ட் டிரைவ் போனது நல்ல வெயில் நாள். சாலை காய்ந்து கிடந்தது, கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. விற்பனையாளர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பட்டனை அழுத்தினார். முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப என் கார் தானே வேகத்தைக் கூட்டிக் குறைத்தது, வளைவில் ஸ்டியரிங் தானே திரும்பியது. எனக்கு வாய் பிளந்துவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. "பனிக்காலத்துல எப்படி?" என்று கேட்டேன். "சார், ரேடார் இருக்கு, கேமரா இருக்கு. பனியோ மழையோ, வண்டியே பார்த்துக்கும். இந்தக் குளிர்காலப் பேக்கேஜையும் சேர்த்துட்டீங்கன்னா கவலையே வேண்டாம்" என்றார். வின்டர் டயர் தனியாக வாங்க வேண்டுமா என்றதற்கு, "இது ஆல் சீசன் டயர் சார், எதுக்கு வீண் செலவு" என்று சிரித்தார். அவர் எதையோ விற்காமல் விட்டது அந்த ஒரு இடத்தில்தான். எனக்கு அவசியமாகத் தேவைப்பட்டதும் அதுதான்.

முதல் பனி விழுந்த வாரம். நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில், வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அந்த க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டுக் காலைத் தளர்த்தி உட்கார்ந்திருந்தேன். திடீரென்று 'டிங்' என்று ஒரு சத்தம். 'முன்பக்க ரேடார் மறைக்கப்பட்டுள்ளது, சிஸ்டம் இயங்காது' என்று திரையில் வந்தது. க்ரூஸ் அணைந்து வண்டி தானாக வேகம் குறைய ஆரம்பித்தது. பின்னால் ஒரு லாரி. என் கால் பெடலைத் தேடிப் பிடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தால், முன்பக்க கிரில்லில் கம்பெனி முத்திரை இருக்கும் இடமே தெரியவில்லை. உப்பும் பனியும் கலந்த சாம்பல் நிறச் சகதி ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. என் காரில் ரேடார் இருப்பது அந்த முத்திரைக்குப் பின்னால். மாடலுக்கு மாடல் இடம் மாறும், சிலவற்றில் பம்பருக்குக் கீழே இருக்கும். இந்த ரேடார்கள் பெரும்பாலும் 77 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்பவை. காய்ந்த தூள்பனி அந்த அலைகளை அவ்வளவாகத் தடுக்காது. ஈரச் சகதிதான் எமன், ஏனென்றால் தண்ணீர் அந்த அலைகளை விழுங்கிவிடும். சூடேற்றும் வசதியுள்ள ரேடார் மூடியும் சில கார்களில் வருகிறது. என் 'குளிர்காலப் பேக்கேஜில்' அது உண்டு என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது இதைவிட மோசம். இறக்கத்தில் ஒரு சிக்னல், சிவப்பு விழுந்தது. பிரேக்கை மிதித்ததும் காலுக்கடியில் கடகடவென்று பெடல் உதறியது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்தேன். "என்னங்க, பிரேக்கை விடாதீங்க!" என்று மனைவி கத்தின கத்தலில் மறுபடி மிதித்தேன். கோட்டைத் தாண்டி அரை வண்டி நீளம் போய்த்தான் நின்றது. குறுக்கே யாரும் வராதது எங்கள் நல்ல நேரம்.

அந்த உதறல், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் பிரேக் அமைப்பான ஏபிஎஸ் வேலை செய்வதன் அடையாளம் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1978-லேயே கார்களுக்கு வந்துவிட்ட சங்கதி அது. பிரேக் அடிக்கும்போதும் ஸ்டியரிங் நம் கைக்கு அடங்கும்படி வைத்திருப்பதுதான் அதன் வேலை. காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே திருப்ப வேண்டும். என் பழைய காரிலும் ஏபிஎஸ் இருந்தது, ஆனால் அது உதறும் அளவுக்கு நான் பிரேக் அடித்ததே இல்லை. சரி, அது என் அறியாமை.

ஆனால் தானியங்கி அவசர பிரேக் என்று விற்பனையாளர் அத்தனை பெருமையாகக் காட்டினாரே, அது ஏன் சும்மா இருந்தது? என் காரில் அது வண்டியையோ ஆளையோ முன்னால் கண்டால்தான் விழிக்கும். சிவப்பு விளக்கு அதற்குப் பொருட்டே இல்லை. முன்னால் ஒரு வண்டி நின்று, அது சரியான நேரத்தில் பிரேக்கைப் பிடித்திருந்தாலும், சாலையைப் பற்றியிருப்பது நான்கு டயர்தானே. 50 கி.மீ. வேகத்தில் காய்ந்த தாரில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க ஏறக்குறைய 14 மீட்டர் ஆகும். இறுகிய பனியில் அதுவே 50 மீட்டரை நெருங்கும், வழுக்கும் ஐஸில் 100 மீட்டரைத் தொடும். நம் கால் பெடலுக்குப் போகும் நேரம் இதில் சேராது. நான்கு சக்கர டிரைவ் இருக்கிறதே என்பார்கள். அது கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது.

நேராக சர்வீஸுக்குப் போனேன். அங்கே ஒருவர் ஈரத்துணியால் முத்திரையைத் துடைத்தார். பில்லில் அது 'சென்சார் சுத்திகரிப்பு மற்றும் பரிசோதனை' என்று வந்தது! குளிர்காலப் பேக்கேஜில் என்னதான் இருக்கிறது என்று ஆர்டர் தாளை எடுத்துவரச் சொல்லி அங்கேயே வரிவரியாகப் படித்தேன். சூடாகும் இருக்கை, சூடாகும் ஸ்டியரிங், சூடாகும் பக்கக் கண்ணாடி, வைப்பர் தண்ணீர் பீய்ச்சும் முனைக்குச் சூடு. அவ்வளவுதான். ரேடாரை அது தொடவே இல்லை. முதுகு வேண்டுமானால் இதமாக இருக்கும்.

விற்பனையாளரைக் கூப்பிட்டேன். "உதவும்னுதான் சார் சொன்னேன், ஓட்டும்னு சொல்லலையே" என்று பூசி மெழுகினார். அப்புறம் கையேட்டைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினார்: வழுக்கும் சாலையில் க்ரூஸ் கன்ட்ரோலைப் பயன்படுத்த வேண்டாம், கோடுகள் பனியால் மூடியிருந்தால், வண்டியைக் கோடுகளுக்குள் வைத்திருக்கும் லேன் அசிஸ்ட் செயல்படாது. கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருக்கிறது. விற்கும்போது இந்தப் பக்கம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன், கையை விரித்துவிட்டார்.

இதோடு முடியவில்லை. பனிக்காலத்தில் சாலையில் தூவும் பொடிக்கல் ஒன்று தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டது. அதே சர்வீஸ் இடத்தில் கண்ணாடியை மாற்றினேன். மறுநாளிலிருந்து லேன் அசிஸ்ட் வண்டியை லேசாக ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்தது. கண்ணாடிக்குப் பின்னால், உள் ரியர்வியூ கண்ணாடிக்கு அருகில் கேமரா இருக்கும் கார்களில், முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவை மறுபடி அளவுதிருத்த வேண்டும். குறிப்பலகையை முன்னால் நிறுத்தியோ, சாலையில் ஓட்டியோ செய்வார்கள். ஒரே ஒரு டிகிரி விலகினால் போதும், 60 மீட்டர் தொலைவில் இருப்பது ஒரு மீட்டர் தள்ளித் தெரியும். பில்லில் 'கேலிப்ரேஷன்' என்று தனி வரி இருந்தது, பணமும் கட்டியாகிவிட்டது. அதற்கான அறிக்கையைக் கொடுங்கள் என்றேன். இரண்டு நாள் தேடினார்கள். மூன்றாம் நாள், "கொண்டு வாங்க சார், செஞ்சு தந்துடறோம்" என்றார்கள். நீங்கள் கண்ணாடி மாற்றினால் கேலிப்ரேஷன் அறிக்கையைத் தேதியோடு வாங்காமல் சாவியைத் தொடாதீர்கள்.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். வழுக்கும் வளைவில் ஒருமுறை பின்பக்கம் வெளியே போகப் பார்த்தது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்கியது, ஏதோ ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் பிடித்து வண்டி நேராயிற்று. அது இஎஸ்சி, வண்டி சறுக்கும்போது நிலைப்படுத்தும் அமைப்பு. பனிக்கால ஓட்டத்தில் நான் கண்ட உண்மையான உதவி அதுதான். அதைப் பற்றி விற்பனையாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. பெரும்பாலான புதுக் கார்களில் எப்படியும் வருவதால் அதைத் தனியாக விற்க முடியாது, அதனால் இருக்கலாம்.

இப்போது வின்டர் டயர் போட்டுவிட்டேன். வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் ரப்பர் விறைக்கத் தொடங்கும் என்பார்கள். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருந்தால், அது பனியில் சோதித்துத் தேறிய டயர். வெறும் 'எம் ப்ளஸ் எஸ்' (சேறு, பனி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றிருந்தால் டயர் கம்பெனி தானே போட்டுக்கொண்டது. என் ஆல் சீசன் டயரில் அது மட்டும்தான் இருந்தது. கதவு அறையில் ஒரு மென்மையான பிரஷ் கிடக்கிறது. கிளம்பும் முன் முத்திரை, கேமரா முன்னால் உள்ள கண்ணாடி, பின்பம்பரின் இரண்டு மூலை, பின்கேமரா எல்லாவற்றையும் துடைக்கிறேன். வழுக்கல் என்றால் க்ரூஸைத் தொடுவதே இல்லை.

போன வாரம் நண்பர் ஒருவர் கார் பார்க்கப் போனார், துணைக்கு என்னையும் இழுத்துப்போனார். வேறு டீலர், வேறு கம்பெனி. விற்பனையாளர் பனியைப் பற்றி ஆரம்பித்ததும், "இதுல ரேடார் எங்க இருக்கு, கொஞ்சம் காட்டுங்களேன்" என்றேன். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பின்கேமராவைக் காட்டினார்.