கலக்கியும் ஒரு கரண்டிக் கொள்ளும்: காங்கயம் அக்கா கடையில் 11 மாதம்

காங்கயத்தில் தாராபுரம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இந்த மெஸ் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. ஆலைக்காரர்களும் லாரி டிரைவர்களும் லோடுமேன்களும் ‘அக்கா கடை’ என்றுதான் சொல்கிறார்கள். ஓட்டுச் சாய்ப்பு, ஐந்து பெஞ்சு, பின்னால் விறகடுப்பு. மதியம் பன்னிரண்டுக்குத் திறந்து மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். அக்கா வைக்கும் கறிக்குழம்பைப் பற்றிச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது, எடைக்காக வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் தைரியமாக உட்கார்ந்து சாப்பிடக்கூடிய கடை இது என்பதை. அதற்கு என் கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

எங்களுக்கு அரிசி ஆலை. மூன்று வேளையும் அரிசியைத் தின்றே வளர்ந்தவன் நான். 2024 பிப்ரவரியில் என் எடை 138 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். சர்க்கரைக்கு இரண்டு மாத்திரையும் ராத்திரி இன்சுலினும் போய்க்கொண்டிருந்தன. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதால் முகத்தில் மெஷின் மாட்டிக்கொண்டுதான் படுப்பேன். சிவன்மலைப் படியேறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. கோவையில் ஒரு மருத்துவமனையில் ஸ்லீவ் என்கிற ஆபரேஷன் செய்தார்கள். சிறு துளைகள் வழியாக வயிற்றுப் பையில் முக்கால் பாகத்துக்கும் மேலாக வெட்டி எடுத்துவிட்டு, மீதியை ஒரு வாழைப்பழம் போல நீளமாகத் தைத்து விடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் அந்த வெட்டி எடுக்கிற பாகத்தில்தான் சுரக்கிறதாம். அதனால் முதல் நாலைந்து மாதம் எனக்குப் பசி என்ற ஒன்றே இல்லை. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட்டேன்.

முதலில் தெளிந்த நீர் ஆகாரம், அப்புறம் மோரும் பருப்புத் தண்ணீரும், அப்புறம் மசித்தது, அப்புறம் குழைந்தது என்று ஏழெட்டு வாரத்தில் படிப்படியாகச் சாதாரணச் சாப்பாட்டுக்கு வந்தேன். டயட்டீஷியன் மேடம் சொன்ன விதிகள் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். தட்டில் முதலில் புரதம், பிறகு காய், இடம் மிச்சம் இருந்தால் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். ஒவ்வொரு வாயையும் கூழாகும் வரை மெல்ல வேண்டும். மாத்திரைகள் ஆயுசுக்கும் உண்டு. பி12, வைட்டமின் டி, கால்சியம், இரும்பு. அதில் கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போடக் கூடாது, நடுவில் இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும்.

வீட்டில் இதெல்லாம் நடந்துவிடும். வெளியே கால் வைத்தால்தான் கஷ்டம். நம் பக்கத்தில் வந்தவர் இலையில் சோறு குறைந்தால் அது வீட்டுக்காரருக்குக் குறை. “ஒரு வாய்ங்க, ஒரே ஒரு வாய்” என்று கையைத் தடுக்கத் தடுக்க வைப்பார்கள். நங்கையா முறை ஆகும் சொந்தக்காரர் ஒருவர் வீட்டு விசேஷத்தில் ஒப்புட்டு என்கிற போளி வேண்டாம் என்று சொன்னதற்கு அவர் கண் கலங்கியதை நான் மறக்கவில்லை. ஹோட்டல்களில் வேறு மாதிரி. கோவையில் ஒரு பெரிய ஹோட்டலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். எனக்கு ஒரு கிண்ணம் சூப்பும் இரண்டு துண்டு மீனும் போதும் என்று டாக்டர் சீட்டைக் காட்டியே சொன்னேன். பஃபே என்றால் தலைக்கு முழுக் காசுதான் என்று சொல்லிவிட்டார்கள். காசுகூடப் போகட்டும், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்த பார்வைதான் தாங்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்கே போனாலும் டப்பாவில் தயிரும் பனீரும் கட்டிக்கொண்டுதான் போனேன்.

ஜூலையில் ஒரு நாள் எங்கள் லாரி டிரைவர் என்னை அக்கா கடைக்கு இழுத்துப் போனார். அப்போது 108 கிலோ இருந்தேன். இலையைப் போட்டதும், “சோறு வேண்டாமுங்க, முட்டை மட்டும் ஏதாவது கொடுங்க” என்றேன். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்து, “ஏனுங் தம்பி, வயித்துக்கு ஏதாச்சுங்களா?” என்று கேட்டார். சொன்னேன். வயிற்றை வெட்டி எடுத்ததைச் சொன்னால் எல்லோரும் “அய்யோ, எதுக்குங்க இந்த வேலை” என்பார்கள். அக்கா அப்படிக் கேட்கவில்லை. “ஒரு நேரத்துக்கு எவ்வளவு இறங்குமுங்க?” என்று மட்டும் கேட்டார். கையைக் குவித்துக் காட்டினேன். உள்ளே போய்ப் பேரனுக்குச் சோறூட்டும் எவர்சில்வர் கிண்ணத்தைக் கழுவி எடுத்து வந்தார். இந்த 11 மாதமும் அந்தக் கிண்ணத்தில்தான் எனக்குச் சாப்பாடு. நான் உட்கார்ந்தால் தண்ணீர் டம்ளர் வைப்பதில்லை. இரண்டாவது தடவையிலேயே அதைப் பழகிக்கொண்டார்கள்.

முதல் நாள் கொடுத்தது கலக்கி. கலக்கியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. ஆபரேஷனுக்குப் பிறகு முட்டைதான் துணை என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அவித்த முட்டையின் மஞ்சள் கரு மாவு மாதிரி நெஞ்சில் நின்றுவிடும். ஆம்லெட் ஓரம் முறுகினால் ரப்பர். கலக்கி அப்படி இல்லை. முட்டையோடு மிளகும் உப்பும் ஒரு கரண்டிக் குழம்பும் சேர்த்து அடித்துக் கல்லில் ஊற்றி, இறுகியும் இறுகாமலும் இருக்கும்போதே மடித்து எடுத்துவிடுவார்கள். வாயில் வைத்தால் தானாக வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு மட்டும் இன்னும் அரை நிமிஷம் கூடுதலாகக் கல்லில் விடுகிறார், உள்ளே பச்சையாக இருக்கக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டதால். இரண்டு முட்டைக் கலக்கி ஒன்றில் 12 கிராம் புரதம் கிடைத்துவிடுகிறது. விலை 30 ரூபாய். புரதப் பவுடர் டப்பாவுக்கு மாதம் நான் கொட்டிய காசை நினைத்தால், இந்த 30 ரூபாய்க்கு ஒரு கும்பிடு போடலாம்.

அடுத்தது கொள்ளுப் பருப்பு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்று எனக்குச் சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. ஆபரேஷனுக்கு முன் பத்து வருஷம் அதைக் கேட்டுக் கேட்டுக் கொள்ளுத் தண்ணீர் குடித்தும் ஒரு கிலோ இறங்கவில்லை. கொள்ளு தின்று யாரும் இளைப்பதில்லை என்பதை நான் உறுதியாகவே சொல்வேன். ஆனால் என் சின்ன வயிற்றுக்கு அது ஒரு நல்ல சாப்பாடு. அக்கா ராத்திரியே ஊறப்போட்டு விறகடுப்பில் வேகவிட்டு, வேகவைத்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்துவைத்துவிட்டு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாயோடு அம்மியில் ஒன்றிரண்டாக அரைக்கிறார். எனக்கு என்று ஒரு கரண்டியை இன்னும் மைய அரைத்துக் கொடுப்பார். சோறில்லாமல் ஸ்பூனில் எடுத்து மெதுவாகச் சாப்பிட்டால் நெஞ்சை அடைக்காது. ஆறு மாதத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் பார்த்துச் சாப்பிடுங்கள், காற்றுப் பிடிக்கும். எனக்கும் அப்படிக் காற்றுப் பிடித்தது.

ஆட்டு ஈரல் வறுவல் புதன், ஞாயிறு மட்டும். நாலாம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, பரிசோதித்தால் இரும்பும் பி12ம் குறைந்திருந்தன. மாத்திரையைக் கூட்டினார்கள். கூடவே வாரம் ஒரு தரம் ஈரல் சாப்பிடலாம் என்று சம்மதித்தார்கள். ஈரல் அதிகம் வெந்தால் கட்டையாகிவிடும். அக்கா மிளகு போட்டு நாலு நிமிஷத்தில் இறக்கிவிடுவதால் விரலால் அழுத்தினாலே மசிகிறது. அரைப் பிளேட் 60 ரூபாய், அதிலும் பாதிதான் என்னால் முடியும். மீதியை வாழையிலையில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். முடி பத்தாம் மாதத்தில் திரும்ப வளர ஆரம்பித்தது.

ஒரு தப்பும் நடந்தது, அது முழுக்க என் அவசரம். செப்டம்பர் முதல் ஞாயிறு, நாட்டுக்கோழிக் குழம்பு வாசனை சந்து முனையிலேயே வந்தது. ஆலையில் லோடு ஏறிக்கொண்டிருந்ததால் சீக்கிரம் போக வேண்டும். தொடைக்கறி ஒரு துண்டை நாலு மென்றலில் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் கல்லை வைத்து அழுத்துவதுபோல வலி. வாயெல்லாம் நுரைநுரையாக எச்சில் ஊறி வழிகிறது, உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது. பின்பக்கம் வேப்பமரத்தடியில் குனிந்து நின்றேன். அக்கா கூட வந்து நின்றார். தண்ணீர் குடித்தால் இன்னும் மோசமாகும் என்று நான் கையைக் காட்டியதும் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முதுகைத் தடவிக் கொடுத்தார். இருபது நிமிஷத்தில் அது வெளியே வந்தது. எழுந்து வந்தால் என் இடத்தில் வேறு யாரையும் உட்கார விடாமல் வைத்திருந்தார். அதிலிருந்து நாட்டுக்கோழி என்றால் எனக்கு வடிகட்டிய குழம்புத் தண்ணீர் மட்டும்தான், ஒரு சின்ன டம்ளர் சூடாக. கறிதான் வேண்டும் என்றால் பிராய்லர் நெஞ்சுக்கறியைப் பிய்த்துப் போட்டுத் தருகிறார்.

பள்ளிபாளையம் சிக்கன் ஆசைக்கு இரண்டு துண்டு போதும். எண்ணெய் கூடுதல், வரமிளகாய்க் காரம், தேங்காய்ச் சில்லு மெல்ல முடியாது. அரிசியும் பருப்பும் சாதம் வெள்ளிக்கிழமை உண்டு. நாலு ஸ்பூனுக்கு மேல் போனால் வயிற்றுக்குள் ஊதும். இடியாப்பம் மாதிரியான சந்தகையில் தேங்காய்ப் பாலும் நாட்டுச் சர்க்கரையும் ஊற்றித் தருவார்கள். ஒரு தடவை மூன்று வாய் சாப்பிட்டுவிட்டு நெஞ்சு படபடத்து வேர்த்துப் படுத்துவிட்டேன். இனிப்பு வேகமாகக் குடலுக்கு இறங்கினால் இப்படி ஆகுமாம். அதோடு விட்டுவிட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உப்பு ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது. அக்கா இல்லாத நாளில் பரிமாறும் பையன் கிண்ணத்தைப் பார்த்து “இவ்ளோதானுங்களா?” என்று கடைக்கே கேட்கும்படி கேட்பான். நல்ல பையன்தான், ஆனால் புதிதாக ஆபரேஷன் செய்தவருக்கு அந்தக் கேள்வி வலிக்கும். அக்காவிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். பன்னிரண்டரைக்கு மேல் கூட்டம் நெருக்கும். எனக்கு ஒரு கிண்ணம் முடிக்க 25 நிமிஷம் ஆகும், பக்கத்தில் ஆள் காத்திருந்தால் கை தானாக வேகம் பிடிக்கிறது. சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை நடக்கும்போது அங்கே போய்க் கடை போட்டுவிடுவார்கள், இங்கே பூட்டு. புரட்டாசி முழுக்க முட்டைகூடக் கிடையாது. போன புரட்டாசியில் எனக்காகப் பச்சைப்பயறு கடைசலும் தட்டப்பயறும் காளானும் மாற்றி மாற்றிச் செய்தார்கள். இருந்தாலும் அந்த மாதம் புரதக் கணக்குக்கு வீட்டில் பனீரும் பவுடரும் தேவைப்பட்டன.

எடைக் கணக்கை ஆலையில் மூட்டை எடை போடும் மேடையில்தான் பார்க்கிறேன், ஞாயிறு காலை, ஆள் வருவதற்கு முன். முதல் மாதம் 11 கிலோ இறங்கியது. அதிலும் மூன்றாவது வாரம் முள் அசையவே இல்லை, பயந்துவிட்டேன். பலருக்கும் அப்படி ஒரு வாரம் வரும் என்று பிறகு சொன்னார்கள். மூன்றாம் மாதம் 116, ஆறாம் மாதம் 105, வருஷம் முடிந்தபோது 93. இப்போது 2025 ஜூனில் 91. கடைசி நாலு மாதத்தில் இரண்டே கிலோ. பசியும் லேசாகத் திரும்பியிருக்கிறது, அதனால் இனிமேல்தான் கவனம் அதிகம் வேண்டும். குறைந்தது 47 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு நாங்கள் 26 கிலோ சிப்பம்தான், அதாவது மூட்டைதான், போடுகிறோம். ஒரு முழுச் சிப்பமும் இன்னொரு சிப்பத்தில் 21 கிலோவும் என் மூட்டிலிருந்து இறங்கியிருக்கிறது. எங்கள் லோடுமேன் அவ்வளவையும் என் முன்னால் தூக்கிக் காட்டினார். எனக்குப் பேச்சு வரவில்லை. இன்சுலின் நின்றுவிட்டது, சர்க்கரை மாத்திரை ஒன்றுதான். தூங்கும்போது மாட்டிய மெஷின் பரண்மேல் இருக்கிறது. தைப்பூசத்துக்கு சிவன்மலையைப் படி வழியாகவே ஏறினேன்.

இந்த இறக்கத்துக்குக் காரணம் ஆபரேஷனும் டாக்டர்களும்தான். அதை ஒரு சாப்பாட்டுக் கடையின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வெளியே ஒரு இடத்தில் வெட்கப்படாமல் உட்கார்ந்து, நாலு பேரோடு பேசிக்கொண்டு, என் அளவுக்குச் சாப்பிட்டு, என் அளவுக்குக் காசு கொடுக்க முடிகிறது. சராசரியாக ஒரு நேரத்துக்கு 50 முதல் 90 ரூபாய் ஆகிறது. முழுச் சாப்பாட்டின் விலை 110. ஒரு நாளும் அதைக் கேட்டதில்லை.

இப்போது என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள். வெள்ளகோவிலிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு எடைக்காக வயிற்றில் பைபாஸ் முறையில் ஆபரேஷன் ஆகி மூன்று மாதம்தான் ஆகிறது. அக்கா அவருக்கென்று இன்னொரு கிண்ணம் வாங்கி வைத்திருக்கிறார். நீங்களும் போவதாக இருந்தால் பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள், அப்போதுதான் மெதுவாக மெல்ல இடமும் நேரமும் கிடைக்கும். காரம் குறைவாக வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதன்கிழமை ஈரல் ஒரு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்.