கரண்ட் குக்கரா, இண்டக்‌ஷனா? ஒற்றை அறையில் ஓர் அடுப்புத் தகராறு

சைதாப்பேட்டையில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்த அறையில் இரண்டே பிளக் பாயிண்ட். கட்டிலுக்குப் பக்கத்தில் 6 ஆம்பியர் ஒன்று. குளியலறை வாசலில், ஹீட்டருக்கென்று போட்ட 16 ஆம்பியர் ஒன்று. மெஸ் சாப்பாடு மாதத்தின் முதல் பாதியில் ருசிக்கவில்லை, இரண்டாம் பாதியில் கட்டுப்படியாகவில்லை. சரி, நாமே பொங்கித் தின்னலாம் என்று முடிவெடுத்த அன்றே சண்டை ஆரம்பித்தது. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு எதை வாங்குவது?

காசு ஒன்றுதான் கணக்கென்றால் அம்மா உணவகத்தை எந்த அடுப்பும் ஜெயிக்காது. 2013-இல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. அந்த விலைக்கு வீட்டில் தாளிக்க எண்ணெய்கூட வராது. ஆனால் அது திறந்திருக்கும் நேரத்துக்கு நாம் போய் நிற்க வேண்டும். லேப் முடித்து ராத்திரி ஒன்பதரைக்கு வருகிறவனுக்கு அதனால் பயனில்லை.

இரண்டு யோசனைகள் முதல் நாளே விழுந்தன. ஒன்று, 5 கிலோ சிலிண்டர். முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள், அடையாள அட்டை போதும். இண்டேன்காரர்கள் ‘சோட்டு’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே ஜன்னல் உள்ள அறையில், மூன்று பேர் படுக்கும் இடத்தில் கேஸா? ஹவுஸ் ஓனர் வேண்டாம் என்றார். நான் ஓனராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். இன்னொன்று கெட்டில். முட்டை வேகும், நூடுல்ஸ் வேகும். சோறே வடிக்கிற வீரர்களும் ஹாஸ்டலில் உண்டு. ஆனால் கொதித்ததும் கெட்டில் நிற்பது ஆவி போய் சுவிட்சைத் தட்டுவதால்தான். கிண்டுவதற்கு மூடியைத் திறந்தால் ஆவி வெளியே போய்விடும், அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும். பால் ஊற்றினால் அடி பிடித்து, அப்புறம் ஒரு வாரம் டீயெல்லாம் தீய்ந்த வாடை.

மிஞ்சியவை இரண்டு: எலக்ட்ரிக் ரைஸ் குக்கர், அல்லது இண்டக்‌ஷன் அடுப்பும் 3 லிட்டர் பிரஷர் குக்கரும்.

ரைஸ் குக்கரின் பெரிய குணம், அது நம்மை எதிர்பார்ப்பதில்லை. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடியில் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு அதைத் தாண்டும். அடியிலுள்ள காந்தம் அந்தச் சூட்டில் பிடியை விட, ‘டக்’ என்று சுவிட்ச் விழும். அவ்வளவுதான் அதன் மூளை. பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டு, புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு மூன்று தண்ணீர் வைத்துவிட்டுக் குளிக்கப் போகலாம், ரெக்கார்டு எழுதலாம், தூங்கியும் போகலாம்.

அதன் பலவீனமும் அதே இடத்தில்தான். அழுத்தம் கிடையாது. முதல் வாரம் அதில் சாம்பார் சாதம் வைத்தேன். அரிசி குழைந்தது, துவரம்பருப்பு ஜல்லியாகவே இருந்தது. புளியையும் தக்காளியையும் முதலிலேயே போட்டது வினையை இரட்டிப்பாக்கியது, புளிப்பு சேர்ந்தால் பருப்பு வேக இன்னும் நேரமாகும். துவரையை மறந்துவிட்டு பாசிப்பருப்புக்கோ மைசூர் பருப்புக்கோ மாறினால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டும் ஊறவைக்காமலே அரிசியோடு சேர்ந்து வெந்துவிடும். வெண்பொங்கலும் பருப்பு சாதமும் இதில் ஜோராக வரும். மேல்தட்டில் முட்டையோ உருளைக்கிழங்கோ வைத்தால் தொட்டுக்கொள்ளவும் ஆயிற்று.

தாளிப்பு மட்டும் இதில் நடக்காது. காலிப் பாத்திரத்தில் எண்ணெய் விட்டால் சட்டென்று சூடேறி, கடுகு வெடிப்பதற்குள் சுவிட்ச் விழுந்துவிடும். விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளித்த ஒருவனை எனக்குத் தெரியும். அவன் குக்கர் ரொம்ப நாள் வாழவில்லை.

இண்டக்‌ஷன் கட்சிக்கு என் அறைத்தோழன்தான் தலைவர். அவன் சொன்னதில் நியாயம் உண்டு. பிரஷர் குக்கருக்குள் 120 டிகிரிவரை போகும். அரை மணி ஊறிய துவரை நாலு விசிலில் மசியும். கொண்டைக்கடலை, ராஜ்மா என்று மலிவான புரதமெல்லாம் அப்போதுதான் கைக்கு வரும். முக்கியமாக, இதில்தான் சமையல் கற்றுக்கொள்ள முடியும். கடுகு எப்போது வெடிக்கிறது, வெங்காயம் எப்போது நிறம் மாறுகிறது, தக்காளியின் பச்சை வாசம் எப்போது போகிறது, இதையெல்லாம் ரைஸ் குக்கர் சொல்லித்தராது.

ஆனால் செலவு அடுப்போடு நிற்காது. அவன் அம்மா கொடுத்தனுப்பிய அலுமினிய குக்கரை இண்டக்‌ஷன் கண்டுகொள்ளவே இல்லை. அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு காந்தத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், லேபிளைவிட அதை நம்பலாம். அப்புறம் விசில் கணக்கும் மாறும். முழு வேகத்தில் வைத்தால் சடசடவென்று விசில் வந்துவிடும், பருப்பு வெந்திருக்காது. முதல் விசிலுக்குப் பிறகு 600, 800 வாட்டுக்குக் குறைத்துவிட்டு நிமிடத்தைப் பார்ப்பதுதான் சரி. கூடவே நிற்க வேண்டும். கழுவ மூடி, கேஸ்கெட், வெயிட் என்று உருப்படிகளும் அதிகம்.

கரண்ட் பில்லைப் பற்றிச் சண்டை போட்டது வீண். 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணி ஓடினால் 0.35 யூனிட், இண்டக்‌ஷன் 1200 வாட்டில் கால் மணி ஓடினால் 0.3. மாதக் கடைசியில் இரண்டு டீக் காசு வித்தியாசம் வரலாம். நிஜமான வித்தியாசம் பிளக்கில் இருந்தது. ரைஸ் குக்கர் இழுப்பது 3 ஆம்பியர், கட்டில் பக்கமே போதும். 2000 வாட் இண்டக்‌ஷன் முழு வேகத்தில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், குளியலறை வாசலுக்குத்தான் போக வேண்டும்.

என் கட்சி இதுதான்: தனியாக இருப்பவர், சமையலே தெரியாதவர், முதலில் ரைஸ் குக்கரை வாங்குங்கள். பசியோடு வந்து நிற்கும்போது திறமை தேவைப்படாத சாமான் அது. இரண்டு மூன்று பேர் முறை வைத்துச் சமைக்க முடியும், அதில் ஒருவருக்காவது வெங்காயம் வெட்டப் பிடிக்கும் என்றால் இண்டக்‌ஷன். இரண்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். ஒன்று அட்டைப்பெட்டியிலேயே தூங்கும்.

நாங்கள் ரைஸ் குக்கரில்தான் ஆரம்பித்தோம். இரண்டு மாதம் கழித்து, ஊருக்குத் திரும்பிய சீனியரிடமிருந்து இண்டக்‌ஷன் பாதி விலைக்கு வந்தது. சோறு கட்டில் பக்கம், குழம்பு குளியலறை வாசலில். கடைசியாகக் குளிக்கிறவன் ஹீட்டரை அணைத்துவிட்டு வெளியே வந்தால்தான் எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கும்.