ரெஜிஸ்டர் மோதலைப் பிடிக்க பிரிண்ட்கேவா, ட்ரேஸ் பிரிண்ட்கேவா?

போன மாதம் ஒரு நெட்வொர்க் கார்டு டிரைவரோடு மூன்று நாள் போராடினேன். கேபிள் அசையாமல் இருக்கும், ஆனால் ஒரு நாளைக்கு நாலைந்து முறை லிங்க் (கேபிள் இணைப்பு) போய்விட்டதாக லினக்ஸ் கெர்னல் பதிவில் வரும். அந்த கார்டின் உள் ரெஜிஸ்டர்களை (கார்டு தன் நிலையை வைத்திருக்கும் சிறு நினைவிடங்கள்) நேராகத் தொட முடியாது. முகவரியை ஒரு ரெஜிஸ்டரில் எழுதி, மதிப்பைப் பக்கத்து ரெஜிஸ்டரில் படிக்க வேண்டும். நடுவில் இன்னொரு சிபியு வேறு முகவரியை எழுதிவிட்டால் நம் கைக்கு வருவது அது கேட்ட மதிப்பு. சந்தேகம் அங்கேதான், நிரூபிக்க வேண்டுமே.

பிரிண்ட்கே, அதாவது கெர்னல் பதிவில் ஒரு வரி எழுதும் அழைப்பு, போடுவது சுலபம், எல்லாருக்கும் தெரியும். சிக்கல் நேரம். அந்த வரிகள் வெளிவரும் என் கன்சோல் சீரியல் போர்ட்டில் 115200 பாடில் (விநாடிக்கு அத்தனை பிட்) ஓடுகிறது. 80 எழுத்து வரி ஒன்று வெளியேற ஏறக்குறைய 7 மில்லி விநாடி. மோதல் நடப்பதோ சில மைக்ரோ விநாடிக்குள். படித்து முடித்த இடத்தில் போட்டேன், இரண்டு சிபியுக்களின் பாதைகளும் தள்ளித் தள்ளி ஓடி மோதவே இல்லை. எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் போட்டேன், மோதல் கொட்டியது. அது முன்பே இருந்ததா, நான் உண்டாக்கியதா என்று எப்படிச் சொல்வது?

ட்ரேஸ் பிரிண்ட்கேயும் வரி எழுதும் அழைப்புதான், ஆனால் கன்சோல் பக்கமே போவதில்லை. ஒவ்வொரு சிபியுவுக்கும் நினைவகத்தில் உள்ள தனி ரிங் பஃபரில் (நிறைந்ததும் பழைய வரிமேல் புதியதை எழுதும் இடம்) எழுதிவிட்டு நகர்கிறது. வரிதோறும் சிபியு எண்ணும் நேரமும் தானாக வரும். லிங்க் நிலை தப்பாக வந்த அந்த இடத்திலேயே, பதிவதை நிறுத்தும் ட்ரேசிங்_ஆஃப் அழைப்பை வைத்தேன். பஃபர் அப்படியே உறைந்து நின்றது. கடைசி மூன்று வரிகள் போதும்: சிபியு 0 லிங்க் நிலையின் முகவரியை எழுதுகிறது, சிபியு 2 புள்ளிவிவரக் கவுன்டரின் முகவரியை எழுதுகிறது, சிபியு 0 படிக்கிறது. நெட்வொர்க் கார்டை விசாரிக்கும் ஈதீடூல் கட்டளை புள்ளிவிவரம் கேட்ட நேரமும் அதுதான்.

டிரைவர் கார்டின் ரெஜிஸ்டர்களைத் தொடுவதை எல்லாம் பதியும் எம்எம்ஐஓ-ட்ரேஸ் இதற்கு உதவாது. அதை இயக்கினால் ஒரே ஒரு சிபியு தவிர மற்றவற்றை நிறுத்திவிடும், அப்புறம் மோத யார் இருக்கிறார்கள்? மூலநிரல் இல்லாத டிரைவரைப் படிக்க நல்ல கருவி என்கிறார்கள். நான் அப்படிப் பயன்படுத்தியதில்லை.

இயந்திரம் மொத்தமாக உறைந்துவிடும் வகைக் கோளாறு என்றால் பிரிண்ட்கேதான். ரிங் பஃபர் வழக்கமாக ரீசெட்டோடு போய்விடும், சீரியலில் வந்த வரிகள் மறுமுனையில் தங்கும்.

கடைசியில் எழுதுவதையும் படிப்பதையும் ஒரே ஸ்பின்லாக்குக்குள் (ஒரு நேரத்தில் ஒரு சிபியுவை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வைத்தேன். குறுக்கீட்டுக் கையாளியும் (கார்டு சிபியுவைக் கூப்பிடும்போது ஓடும் நிரல்) அதே ஜோடியைத் தொடுவதால், அந்த சிபியுவில் குறுக்கீட்டையும் நிறுத்திவைக்கும் ஐஆர்க்யூசேவ் வடிவம். இரண்டு வாரமாகப் பொய் லிங்க்-டவுன் ஒன்றுகூட வரவில்லை.