அகதிகளைத் தாங்கும் ஏழை நாட்டுக்கு: அரிசியா, பணமா?

மார்த்தாண்டத்தில் நண்பர்களிடையே தொடங்கிய வாக்குவாதம் இது. வங்கதேசம், உகாண்டா போன்ற நாடுகளுக்கு உலகம் எதை அனுப்புவது நல்லது?

செலவு
பொருள்: கப்பல், கிடங்கு, லாரி என்று வழியிலேயே கரையும். அமெரிக்க உணவு உதவியில் பாதியையாவது அந்நாட்டுக் கப்பல்களில்தான் ஏற்ற வேண்டும் என்பது நெடுநாள் விதி. யாருக்கு உதவி என்றே சந்தேகம் வருகிறது.
பணம்: அனுப்பும் செலவு குறைவு.

உள்ளூருக்கு
பொருள்: விலையின்றி வரும் தானியம் உள்ளூர் உழவரின் விலையை இறக்கக்கூடும்.
பணம்: உள்ளூர்க் கடையிலேயே செலவாகும். மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) தின்று பழகியவருக்குச் சோளம் கொடுத்தால் பாதியை விற்றுத்தான் வேண்டியதை வாங்குவார். நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உறுதி
பொருள்: விலை ஏறினாலும் படி குறையாது.
பணம்: விலை ஏறினால் சுருங்கும்.
நன்கொடை வற்றினால் இரண்டும் ஒன்றுதான். வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில், மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோகிங்கியா மக்களுக்கு ஆளுக்கான மாத உணவுத் தொகை 2023இல் 12 டாலரிலிருந்து 8 டாலருக்கு இறங்கியது.

2017 ஆகஸ்டுக்குப் பின் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வந்து சேர்ந்தபோது, முதல் வாரங்களில் அரிசியும் தார்ப்பாயும்தான் உயிர் காத்தன. சந்தை இயங்காத இடத்தில் நோட்டை வைத்து என்ன செய்வது? அகதிகளுக்கு நிலமும் வேலை உரிமையும் தரும் உகாண்டாவுக்குப் பணமே பொருத்தம். கன்னியாகுமரி மாவட்டத்தில் பழவிளை உள்ளிட்ட இலங்கைத் தமிழர் முகாம்களிலோ அரிசி, மாதப் பணம் இரண்டுமே உண்டு. 2021இல் குடும்பத் தலைவருக்கான தொகை 1,500 ரூபாய் ஆனது.