காம்பில் உணர்வு எவ்வளவு திரும்பியது: சில வருஷங்களுக்குப் பிறகு என் அனுபவம்

மார்பகப் பெரிதாக்க அறுவை சிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் தோழி ஒருத்தி என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "அங்கே உணர்ச்சி போயிடுமா?" அளவு, கீறல், வலி, ஓய்வு எல்லாவற்றையும் அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். இந்தக் கேள்விக்கு மட்டும் "சிலருக்கு மாறலாம், பெரும்பாலும் சரியாகிவிடும்" என்ற ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. எனக்கும் அன்றைக்கு அதே வரிதான் கிடைத்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த வரியின் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு வைத்தது சிலிகான் ஜெல் நிரப்பிய இம்ப்ளான்ட் (உள்ளே வைக்கும் செயற்கைப் பை), தசைக்குக் கீழே, கீறல் மார்பின் அடிமடிப்பில். இதைத் தேடிப் படிப்பவர்களுக்கு மற்றதெல்லாம் தெரிந்திருக்கும்.

முதல் சில வாரங்கள் இரண்டு பக்கமும் மதமதவென்று இருந்தது. காம்பைத் தொட்டால் விரலுக்குத் தெரிந்தது, காம்புக்குத் தெரியவில்லை. வீக்கம் வடியும்வரை அப்படித்தான் என்று சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. அப்புறம் இடது பக்கம் விழித்தது. மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போய், நீட்டியதும் குறுகுறுக்குமே, அப்படித்தான் தொடங்கியது. பிறகு திடீர் திடீரென்று சுரீரென ஒரு வலி காம்பின் நுனிவரை இழுக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை நிறுத்தி மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நரம்பு தேறி வருவதன் அடையாளம் இது என்றார் மருத்துவர். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

அதற்கடுத்து வந்த கூச்சத்தைப் பற்றித்தான் யாரும் சொல்லவில்லை. பருத்தித் துணி உரசினாலே எரியும். குளிக்கும்போது தண்ணீர் நேராக அங்கே விழக்கூடாது. யாராவது கட்டிப்பிடிக்க வந்தால் தோளைத் திருப்பிக் கொடுப்பேன். உள்ளாடைக்குள் மெல்லிய சிலிகான் மூடி வைத்துக்கொண்டது அந்த நாட்களைக் கடக்க உதவியது. கை நரம்பில் அடிபட்டவர்களுக்குப் பிசியோதெரபியில் சொல்லித்தரும் பயிற்சி ஒன்று உண்டு. முதலில் பட்டுத் துணி, பழகியதும் பருத்தி, அதற்குப் பிறகு துவாலை என்று மெதுவாகத் தடவித் தடவி அந்த இடத்தைப் பழக்க வேண்டும். அதைத்தான் நானும் செய்தேன். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், ஆனால் பலன் கிடைத்தது. கூச்சம் அடங்கிய பிறகு இடது காம்பில் உணர்வு முன்பு இருந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. நெருக்கமான நேரங்களில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. சந்தோஷமாக ஒத்துக்கொள்கிறேன்.

வலது பக்கத்தின் கதை வேறு. உட்பாதியும் மேல்பாதியும் தேறின. வெளிப்பக்கக் கீழ்ப்பாதி, கருவட்டத்தின் ஒரு பகுதியையும் சேர்த்து, இன்றும் மரத்தே கிடக்கிறது.

ஏன் இப்படி என்பதை நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாவது முதல் ஐந்தாவது வரையான விலா இடை நரம்புகள் காம்புக்குக் கிளைகள் அனுப்புகின்றன. அவற்றில் முக்கியமானது நான்காவதன் பக்கவாட்டுக் கிளை. அது மார்பின் வெளி ஓரம் வழியாக நுழைந்து காம்புக்கு வருகிறது. இம்ப்ளான்டுக்கு உள்ளே இடம் பிரிக்கும்போது வெளிப்பக்கம் எவ்வளவு தூரம் போகிறார்கள், எவ்வளவு பெரியதை வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த நரம்பு இழுபடலாம், நசுங்கலாம், அறுந்தும் போகலாம். லேசாக இழுபட்டதோடு நின்றால் சில வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். உள்ளிழை அறுந்து உறை மட்டும் மிஞ்சியிருந்தால், நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் புதிதாக வளர்ந்து வர வேண்டும். ஒன்றிரண்டு வருஷம் தாண்டியும் மரத்திருக்கும் இடம் பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். கருவட்ட ஓரத்தில் கீறினால்தான் உணர்வு போகும், அடிமடிப்பில் கீறினால் பயமில்லை என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு அடிமடிப்பில்தான் கீறினார்கள். வெளியே எங்கே கீறினாலும் உள்ளே பிரிக்கும் இடம் ஒன்றுதானே.

குளிர் பட்டால் இரண்டு காம்பும் விறைக்கின்றன. அந்த வேலையைச் செய்வது அங்கிருக்கும் மென்தசை. அதற்குத் தொடு உணர்வு தேவையில்லை. இடது பக்கம் விறைப்பது எனக்குத் தெரியும். வலது பக்கத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அப்படி விறைப்பதில் வலி இல்லை, தொந்தரவு இல்லை. ஆனாலும் என் உடம்பில் நடப்பதை நான் வெளியிலிருந்து பார்க்க வேண்டியிருப்பது ஒவ்வொரு தடவையும் மனசைச் சங்கடப்படுத்துகிறது. உணர்வு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, மெல்லத் தொடுவது, அழுத்துவது, சூடு, வலி, இன்பம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து திரும்புவதில்லை. மரத்த இடத்தின் விளிம்பில் எனக்கு அழுத்தம் தெரிகிறது, சூடு சரியாகத் தெரிவதில்லை. அதனால் வெந்நீர்ப் பையையோ சூட்டு ஒத்தடத்தையோ மார்பின் பக்கமே கொண்டுபோவதில்லை. தோல் வெந்த பிறகுதான் தெரியவரும். கடைசியாகச் சொன்ன இன்பம் வலது பக்கம் திரும்பவே இல்லை. மறு பரிசோதனைக்குப் போனபோதெல்லாம் அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. கணவரிடம் அதைச் சொல்லி, எங்கே தெரிகிறது எங்கே தெரியவில்லை என்று பேசிப் பழகவே எங்கள் இருவருக்கும் நாளாயிற்று.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். அறுவைக்கு முன்னால் முன்பக்கம், பக்கவாட்டு, சாய்கோணம் என்று என்னைப் படம் எடுத்தார்கள். அளவுநாடா வைத்து மார்பெலும்பின் மேல்குழியிலிருந்து காம்பு வரை அளந்தார்கள். உணர்வை யாரும் அளக்கவில்லை. அளக்க முடியாததும் அல்ல. வெவ்வேறு தடிமனுள்ள நைலான் இழைகளால் தோலைத் தொட்டு, எந்த இழை தெரிகிறது என்று குறித்துக்கொள்வார்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைச் சோதிக்கவும் அப்படிப்பட்ட இழையைத்தான் பயன்படுத்துகிறார்கள். சில நிமிட வேலை. அது நடக்காததால், பிறகு நான் வலது பக்கத்தைப் பற்றிச் சொன்னபோது "முன்னாடி எப்படி இருந்தது?" என்று என்னையே கேட்டார்கள். கோப்பில் படங்கள் மட்டுமே இருந்தன. என் நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லை.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021-ல் ஓர் உத்தரவு போட்டது. இம்ப்ளான்ட் வைப்பதற்கு முன் ஆபத்துகளின் பட்டியலை நோயாளியோடு சேர்ந்து படித்து, அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். காம்பின் உணர்வு மாறலாம், இல்லாமலே போகலாம் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கையெழுத்து வாங்கியதோடு முடித்துக்கொண்டால், எது போனது என்பதை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது?

என் மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வேலை அவ்வளவு சுத்தம். தழும்பு தேடினால்தான் தெரியும். இம்ப்ளான்டைச் சுற்றி இறுக்கமில்லை, ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது. எந்த நரம்பு எப்படித் தேறும் என்று யாராலும் முன்கூட்டியே உறுதி கொடுக்க முடியாது, அதையும் ஏற்கிறேன். உடுத்திக்கொண்டு நிமிர்ந்து நிற்கும்போது வரும் சந்தோஷம் இன்னும் பழகிப் போகவில்லை.

இவ்வளவையும் தோழியிடம் சொல்லிவிட்டு, கடைசியில் வேண்டாம் என்றேன். "இத்தனை நல்லது சொல்லிட்டு ஏன் வேண்டாங்கறே?" என்று கேட்டாள். அன்றைக்குக் காலையிலிருந்தே மரத்த இடத்தின் ஓரம் துணி பட்டுப் பட்டு எரிந்துகொண்டிருந்தது. வேறொரு நாள் கேட்டிருந்தால் சரி, செய்துகொள் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அன்றைக்கு மனசில் இருந்த பதில் அதுதான்.

அவளுக்குப் பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது. குழந்தை சப்பும்போது காம்பு உணரும் அந்தத் தூண்டல் மூளைக்குப் போனால்தான் பால் சுரக்கவும் இறங்கவும் வேண்டிய ஹார்மோன்கள் வரும். எனவே அவளுக்கு இந்தக் கேள்வி என்னைவிடப் பெரியது. நான் வேண்டாம் என்றாலும் அவள் செய்துகொள்ளத்தான் போகிறாள். அறுவைக்கு முன்பே இரண்டு பக்கமும் உணர்வைச் சோதித்துப் படம் வரைந்து கோப்பில் சேர்க்கச் சொல்லிக் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன். அளவை ஒரு படி குறைத்தால் வெளிப்பக்கம் பிரிப்பது குறையுமா என்றும் கேட்கச் சொன்னேன். அடுத்த ஆலோசனைக்கு நானும் கூடப் போகிறேன், அவள் கூச்சப்பட்டு விட்டுவிட்டால் நானே கேட்பேன்.